பிள்ளை யாருக்கு? கதையும் தீர்ப்பும்

மரியாதைராமன் கதைகளைக் கேளாது வளர்ந்த தமிழர் நம்மில் மிகச் சிலரே. பால்மரக் காட்டின் நடுவே, லயத்து வாசலில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு பாட்டிமார் சொல்லிய கதைகளுள் அவை முதன்மையானவை. அவற்றுள்ளும் ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கோரிய வழக்கு எல்லார் நெஞ்சிலும் பதிந்ததொன்றாகும். ஒருத்தி “என் பிள்ளை” என்கிறாள். மற்றவளும் “என் பிள்ளை” என்கிறாள். சாட்சி இல்லை. குழந்தையோ பேசும் பருவத்தை எய்தவில்லை. நீதிபதி, குழந்தையை இரு கூறாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுக்குமாறு கட்டளையிடுகிறார். ஒருத்தி வாளா நிற்கிறாள். மற்றவள், பிள்ளை உயிரோடிருந்தாற் போதும், அவளிடமே கொடுத்துவிடுங்கள் என்று கதறுகிறாள். கதறியவளே தாய் என்று தீர்ப்பாகிறது.

இக்கதை யூதர் வேதத்தில் சாலமோன் அரசன்மேல் ஏற்றிச் சொல்லப்படுகிறது. பௌத்தரின் ஜாதகக் கதைகளிலோ மகோசதர் என்னும் அறிஞர் தரையில் கோடு கிழித்து, குழந்தையை அதன்மேற் கிடத்தி, இரு பெண்களையும் இருபுறமும் நின்று இழுக்கச் சொல்கிறார். குழந்தை நோவால் அழுதவுடன் எவள் கையை விட்டாளோ அவளே தாய் என்கிறார். சீன நாட்டுப் பழைய நாடகமொன்றில் கோட்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு வட்டம் வருகிறது. நாடும் பெயரும் மாறினும் கதையின் உட்கிடை ஒன்றே: பெற்ற வயிறே பதறும், பதறும் வயிறே பெற்ற வயிறு.

இக்கதையின் நயத்தைப் பாராட்டியவர் பலர். நாம் இன்று அதன் நீதியை ஆராயப் புகுகின்றோம். ஈப்போ நகரத்து அடுக்கு வீடுகளிலும், சுங்கை சிப்புட், கோலகங்சார், தெலுக் இந்தான் முதலிய இடங்களைச் சூழ்ந்த பழைய தோட்டங்களிலும் பிள்ளைக்காகப் போராடுவோர் பலர் பெற்றவர் இருவர் அல்லர். ஒருபுறம் பெற்றவர் நிற்கின்றனர். மறுபுறம் வளர்த்த தாத்தாவும் பாட்டியும் நிற்கின்றனர். இவ்வழக்கை மரியாதைராமன் கதை தீர்க்குமா? நியாயஸ்தலங்கள் எவ்வாறு தீர்க்கின்றன? இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையில் உள்ள குறை

கதைக்கு மூன்று குறைகள் உள என்பது நம் கருத்து.

முதலாவது, வந்த இருவருள் ஒருத்தி பொய்யள் என்று கதை தொடக்கத்திலேயே முடிவு கட்டிவிடுகிறது. ஆகவே நீதிபதியின் வேலை பொய்யைக் கண்டுபிடிப்பதோடு முடிந்துவிடுகிறது. வாழ்க்கையில் வரும் வழக்கோ அப்படிப்பட்டதன்று. தகப்பன் சொல்வதும் மெய். பாட்டி சொல்வதும் மெய். இரண்டு மெய்களுக்கிடையே தீர்ப்புச் சொல்வதன்றோ கடினம்!

இரண்டாவது, பெற்றவளும் அன்புடையவளும் ஒருத்தியே என்று கதை கொள்கிறது. பெறாதவள் பதறமாட்டாள் என்பது அதன் துணிபு. இத்துணிபைக் கேள்வி கேட்டவர் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட். அவர் 1944 இல் எழுதி, 1948 இல் அமெரிக்காவில் முதலில் மேடையேறிய ‘காக்கேசியச் சுண்ணாம்பு வட்டம்’ என்னும் நாடகத்தில், கலகத்தின்போது ஆளுநர் மனைவி தன் ஆடையணிகளைக் கவனித்துப் பிள்ளையை விட்டு ஓடுகிறாள்; க்ரூஷா என்னும் பணிப்பெண் அதனை எடுத்து, மலையும் பனியும் கடந்து, தன் நற்பெயரையும் இழந்து வளர்க்கிறாள். கலகம் அடங்கியபின் பெற்றவள் திரும்பி வந்து பிள்ளையைக் கேட்கிறாள். ஏனெனில் ஆளுநரின் சொத்து அப்பிள்ளையின் பேரில் இருக்கிறது. வட்டம் கிழிக்கப்படுகிறது. பெற்றவள் இழுக்கிறாள், வளர்த்தவள் கையை விடுகிறாள். பிள்ளை வளர்த்தவளுக்கே கொடுக்கப்படுகிறது. பழைய கதையைத் தலைகீழாக்கி, பழைய கதையிலிருந்த உண்மையை மட்டும் காப்பாற்றிய ஆசிரியரின் துணிவு பெரிது.

ஆயின் மூன்றாவது குறையைப் பிரெக்டும் நீக்கவில்லை. எல்லாக் கதைகளிலும் பிள்ளை ஒரு பண்டமாகவே கிடக்கிறது. அதனை வெட்டச் சொல்கின்றனர், இழுக்கச் சொல்கின்றனர், கொடுக்கச் சொல்கின்றனர். அது எவர் மடியில் உறங்கிற்று, எவர் குரல் கேட்டால் அழுகையை நிறுத்திற்று என்று எவரும் வினவினாரல்லர். தீர்ப்புக்கு மறுநாள் அது எப்படி இருந்தது என்பதும் கதையில் இல்லை.

வழக்காகாத வழக்கு

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், முன்னே பால்மரமும் இப்போது செம்பனையும் நிற்கும் தோட்டமொன்றில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரை நாம் அறிவோம். பெயர் வேண்டா. மகள் இறந்தபோது பேரனுக்கு எட்டு மாதம். மருமகன் வேலை தேடித் தென்பக்கம் போனார். முதலில் பணம் வந்தது, பிறகு கடிதம் வந்தது, பிறகு இரண்டும் நின்றன. மூதாட்டி வெளியாட்களுக்குத் துணி வெளுத்தும், புல் வெட்டியும் பையனை வளர்த்தார். பையன் அவரை அம்மா என்றே அழைத்தான். பள்ளியிற் சேர்க்கும்போது கையெழுத்திட உமக்கு என்ன உரிமை என்று கேட்டனர். காட்டுவதற்கு அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. யாரோ ஒரு நல்ல ஆசிரியர் தலையிட்டதால் அன்று காரியம் நடந்தது.

ஏழாண்டு கழித்துத் தகப்பனார் வந்தார். அவர் கொடியவரல்லர். மறுமணம் செய்துகொண்டு, நிலையான வேலையும் வீடும் அமைத்துக்கொண்டு, தம் பிள்ளையைத் தாமே வளர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் வந்தார். பையன் இரண்டு நாள் பாட்டியின் புடவையை விடவில்லை. மூன்றாம் நாள் ஈப்போவில் பேருந்து ஏறுமிடத்தில், மூதாட்டி தாமே அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். கோர்ட்டுக்குப் போகலாமே என்று நாம் பின்னொரு நாள் கேட்டபோது, “கோர்ட்டுக்குப் போனா பிள்ளையை ரெண்டு பக்கமும் இழுப்பாங்க ஐயா. அவனுக்கு வலிக்கும். நான் விட்டுட்டேன்” என்றார்.

நேயர்களே, கதையிற் கையை விட்டவளுக்குப் பிள்ளை கிடைத்தது. பேருந்து நிலையத்தில் மரியாதைராமன் இல்லை. பையன் தகப்பனாரிடம் நன்றாகவே வாழ்ந்திருக்கலாம். அவ்வாறாயின் நாமும் மகிழ்வோம். ஆயினும் ஏழாண்டு உறவு ஒன்றை அறுக்கும்போது, அறுப்பது தகுமா, எப்படி அறுத்தால் நோவு குறையும், வாரம் ஒரு முறையேனும் பார்க்கலாமா என்று கேட்பதற்கு ஒரு மனிதர் இல்லாமற் போயினர். அதுவே நம் மனத்தை வருத்துகிறது.

இது ஒருவர் கதையாயின் எழுதியிரோம். 1877 இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்று ஊன்றப்பட்டது முதல் பேராக்கின் வரலாறும் நம்மவர் குடும்ப வரலாறும் பின்னிக் கிடக்கின்றன. கப்பலேறி வந்த முதல் தலைமுறைக்கு இங்கே பெரும்பாலும் பாட்டி இல்லை. பாட்டி ஊரில் இருந்தாள். வைகறையிற் பெரட்டுக்கு ஓடிய தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனாள். அடுத்த தலைமுறையில்தான் தோட்டத்தில் பாட்டி தோன்றினாள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தபோதும், இளையோர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போயினர். துண்டாடலைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் நிலத்தைக் காத்த இடங்கள் உண்டு. சிதறிய குடும்பத்தின் பிள்ளைகளைக் காத்த சங்கம் யாது எனின், பாட்டிமாரே அச்சங்கம். அதற்குப் பதிவும் இல்லை, பங்குத்தொகையும் இல்லை.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

இஸ்லாமியரல்லாதார் குடும்ப வழக்குகளுக்கு இந்நாட்டில் அடிப்படையாவது 1976 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1982 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தச் சட்டம். அதன் 88 ஆம் பிரிவு, பிள்ளையைத் தகப்பனிடமோ தாயிடமோ ஒப்புவிக்கலாம் என்கிறது. அவ்விருவரிடமும் ஒப்புவிப்பது தகாதென்னும்படியான விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் மட்டுமே வேறு உறவினரிடம் ஒப்புவிக்கலாம் என்கிறது. எவரிடம் ஒப்புவிப்பதாயினும் பிள்ளையின் நலனே தலையாயது. அதற்கு அடுத்ததாகப் பெற்றோர் விருப்பத்தையும், தன் கருத்தைச் சொல்லும் வயதை அடைந்த பிள்ளையின் விருப்பத்தையும் கருத வேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நலம் என்பது சட்டத்தின் ஊகம். ஆயினும் பிள்ளையை இடம் மாற்றி அதன் வாழ்க்கையைக் குலைப்பது விரும்பத்தக்கதன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும் என்று அச்சட்டமே கூறுகிறது.

இவ்வாசகத்தை ஓர் இலக்கிய வாசகத்தைப் படிப்பது போலவே நாம் படித்துப் பார்த்தோம். அதில் நல்லன பல உள. பிள்ளையின் நலன் தலையாயது என்ற ஒரு சொல் போதும், பழங்கதையின் மூன்றாம் குறையை நீக்க. இடம் மாற்றிக் குலைத்தல் கூடாதென்பது, வளர்த்த பாட்டிக்குப் பேருதவியாகும் சொல். ஆயின் ‘விதிவிலக்கான சூழ்நிலை’ என்ற தொடரே நம் நெஞ்சில் உறுத்துகிறது. எது விதி, எது விலக்கு? தாயும் தந்தையும் பிள்ளையும் ஒரு கூரையின்கீழ் வாழ்வது விதியென்றும், பாட்டியிடம் பிள்ளை வளர்வது விலக்கென்றும் சட்டம் எழுதியவர் கொண்டனர். தோட்டத்து வாசலில் நின்று பார்ப்பவனுக்கோ பாட்டியிடம் பிள்ளை வளர்வது அன்றாடக் காட்சி. நமக்கு வழக்கமாயிருப்பதைச் சட்டம் விலக்கு என்று அழைக்கும்போது, அதனை மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் பாட்டியின் தலைமேல் விழுகிறது. அவளோ மகனையோ மருமகனையோ தகாதவன் என்று சபையில் நிறுவியாக வேண்டும். எந்தப் பாட்டி மனமொப்பி அதைச் செய்வாள்?

மூன்று தீர்ப்புகள்

பிற நாட்டு நீதிபதிகள் இச்சிக்கலை எவ்வாறு அவிழ்த்தனர் எனக் காண்போம். தீர்ப்பின் முடிவைக் காட்டிலும் அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தையே நாம் நிறுத்துப் பார்க்கிறோம். முடிவு ஒரு குடும்பத்தோடு நின்றுவிடும். காரணமோ பின்வரும் குடும்பங்கள் அனைத்தையும் ஆளும்.

முதலாவது கல்கத்தாவில் எழுந்து புதுதில்லி சென்ற வழக்கு. தாய் இறந்துவிட்டாள். வரதட்சணைக் கொடுமையால் நேர்ந்த மரணம் என்ற குற்றச்சாட்டு தகப்பன்மேல் இருந்தது. சிறுவன் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வாழ்ந்தான். கீழ் நியாயஸ்தலமும் கல்கத்தா உயர்நீதிமன்றமும் தகப்பனே இயற்கைக் காப்பாளன் என்று கூறி அவனிடமே பிள்ளையை ஒப்புவிக்கச் சொல்லின. இந்திய உச்சநீதிமன்றம் 2008 ஆகஸ்டு மாதத்தில் அவ்விரண்டையும் தள்ளியது. நீதிபதிகள் சிறுவனையே அழைத்துப் பேசினர்; தகப்பனிடம் போக விருப்பமில்லை என்று அவன் தெளிவாகச் சொன்னான். கீழுள்ளவர்கள் அவன் விருப்பத்தைக் கருதாததும், நிலுவையிலிருந்த குற்ற வழக்கை எளிதாகக் கடந்து போனதும் பிழை என்று உச்சநீதிமன்றம் கூறியது. மரியாதைராமன் கேட்க மறந்த கேள்வியைக் கேட்ட தீர்ப்பு இது. முடிவும் நன்று, காரணமும் நன்று.

இரண்டாவது இங்கிலாந்து நாட்டது. பிறந்த நாள்முதல் தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்த, நான்கு வயதை எட்டிய சிறுவனைத் தகப்பன் கேட்டான். உள்ளூர் நீதிபதிகள் பாட்டியிடமே இருக்கட்டும் என்றனர். மேலே சென்றபோது, பெற்றவர் வளர்ப்பில் வளர்வது பிள்ளையின் உரிமை, பெற்றவர் வளர்ப்பு போதுமானதாயிருந்தால் அதற்குமேல் பார்க்க வேண்டா என்ற கருத்து மேலோங்கி, தகப்பன் வென்றான். 2009 அக்டோபரில் திறக்கப்பட்ட ஐக்கிய ராஜ்யத்து உச்சநீதிமன்றம், தான் முதன்முதல் கையிலெடுத்த வழக்குகளுள் ஒன்றாக இதனைக் கேட்டு, நவம்பரில் பாட்டியின் பக்கம் தீர்த்தது. லார்ட் கெர் எழுதிய அத்தீர்ப்பின் சாரம் இது: பெற்றவர் என்ற உறவு பெரிது, ஆயின் அது பிள்ளையின் நலனுக்கு எவ்வளவு உதவுகிறதோ அவ்வளவே பெரிது. நலனை அளக்கும்போது இரத்த உறவுக்கென்று தனித் தராசு இல்லை.

இதைப் படித்தபோது நாம் பிரெக்டின் நாடகத்தை நினைந்தோம். ஆயின் தீர்ப்பு நாடகத்தைக் காட்டிலும் ஒரு படி மேலே நிற்கிறது. நாடகத்திற் பெற்றவள் கெட்டவளாதலால் ஆசிரியருக்கு வேலை எளிது. இவ்வழக்கில் தகப்பன் கெட்டவனல்லன். அவன் கெட்டவன் என்று சொல்லாமலே பிள்ளையைப் பாட்டியிடம் நிறுத்த முடியும் என்று காட்டியதே இத்தீர்ப்பின் சிறப்பு. நம் நாட்டுப் பாட்டியின் தலைமேல் விழும் சுமையை இங்கே நீதிபதிகள் இறக்கி வைத்தனர்.

மூன்றாவது மீண்டும் இந்தியாவினது. நம் மனத்தை மிகவும் கலக்கியதும் இதுவே. 2021 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் ஐந்து வயதுச் சிறுவனொருவன் ஒரு மாதத்துக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தான். தந்தைவழித் தாத்தாவும் பாட்டியும் கேட்டனர். அவர்களுக்கு வயது 71, 63. தாயின் சகோதரியும் கேட்டாள். அவளுக்கு வயது 46, மணமாகாதவள், சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவள். குஜராத் உயர்நீதிமன்றம் வயதையும் வருமானத்தையும் எண்ணி அச்சகோதரியிடம் கொடுத்தது. 2022 ஜூன் 9 இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றித் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது. வயதும் வருமானமும் மட்டுமே அளவுகோல் ஆகா என்று கூறியது. இதுவரை நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஏழைப் பாட்டிகள் எல்லாருக்கும் இது ஆறுதல் தரும் சொல்.

ஆயின் அத்தோடு நில்லாது, நம் சமூகத்தில் தந்தைவழித் தாத்தாவும் பாட்டியுமே பேரனை எக்காலத்தும் நன்கு பேணுவர் என்றும் அத்தீர்ப்பு சொல்லிவிட்டது. இதை எங்ஙனம் ஒப்புவது? தந்தைவழி என்றால் அன்பு மிகும், தாய்வழி என்றால் குறையும் என்பதற்கு ஆதாரம் யாது? அவ்வாறாயின் 2008 இல் அதே நீதிமன்றம் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் பிள்ளையை ஒப்புவித்ததன் பொருள் யாது? வழக்கில் வந்தவன் பேரன். பேத்தியாயிருந்தால் இவ்வாசகம் எப்படி அமைந்திருக்கும்? குடி விளங்க ஆண்பிள்ளை நம் பக்கம் இருக்க வேண்டும் என்று சாவு வீட்டிலேயே பங்கு பிரிக்கும் பழைய மனப்பான்மை, நீதியின் உடையுடுத்து வந்து நிற்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. அச்சிறுவனைப் பொறுத்தவரை முடிவு நன்றாயிருக்கலாம். காரணமோ நாளைக்கு மற்றொரு சிறுவனை அவன் அறிந்த மடியிலிருந்து பிரித்து, அறியாத மடியில் வைக்கப் பயன்படும்.

மறுபக்கமும் உண்டு

பாட்டிமார் பக்கமே பேசுகிறோம் என்று நேயர்கள் எண்ணலாகாது. தாத்தா பாட்டியின் அன்பும் எல்லை மீறும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் இரு பெண் குழந்தைகளின் தந்தை இறந்தபின், அவருடைய பெற்றோர் பேத்திகளை இன்னும் அதிக நாள் பார்க்க வேண்டுமென்று வழக்கிட்டனர். தாய் மறுக்கவில்லை, மாதம் ஒரு முறை பார்க்கலாம் என்று அளவு வைத்தாள். எவரும் எப்போதும் வழக்கிட்டு அவ்வுரிமை கேட்கலாம் என்று அம்மாநிலச் சட்டம் வழிவிட்டிருந்தது. 2000 ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தாயின் பக்கம் தீர்த்தது. தகுதியுள்ள தாய் தன் பிள்ளையின் நலனுக்காகச் செய்யும் முடிவுக்கு நியாயஸ்தலம் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது, நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதிய கருத்து. கணவனை இழந்த பெண்ணைக் கணவன் வீட்டார் பிள்ளையைக் காட்டி அடக்கியாளும் கொடுமை நம்மவரிடையிலும் உண்டாதலால், இத்தீர்ப்பையும் நாம் மதிக்கிறோம்.

நம்மவர் குறையை மறைப்பதும் நேர்மையன்று. தகப்பன் விபத்தில் இறந்தால், நிவாரணப் பணமும் சேமநிதியும் எவ்வளவு என்று தெரிந்தபின் பேரன்மேல் அன்பு சுரக்கும் வீடுகள் உண்டு. பிரெக்டின் ஆளுநர் மனைவி ஜார்ஜியா நாட்டில் மட்டும் வாழ்ந்தவளல்லள். பெண் பிள்ளையாயின் பாட்டியிடம் விட்டுவிட்டு, வேலைக்குப் போகும் வயது வந்ததும் உரிமை கோரி வரும் தகப்பனும் உண்டு. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று நாம் பழமொழி சொல்கிறோம். பிள்ளையின் மனம் கல் என்று சொல்லிப் பழகியதனாலேதான் போலும், அதனிடம் ஒன்றும் கேளாமலே எல்லாவற்றையும் முடிவு செய்கிறோம்!

ஈப்போ தந்த படிப்பினை

தீர்ப்பு கிடைத்துவிட்டால் பிள்ளை கிடைத்துவிடும் என்று நம்புவோர்க்கு ஈப்போவே பாடம் புகட்டியிருக்கிறது. பாலர்பள்ளி ஆசிரியை திருமதி இந்திரா காந்தியின் வழக்கை அறியாத தமிழர் இந்நாட்டில் இலர். 2009 இல் மதம் மாறிய கணவர், மூன்று பிள்ளைகளையும் தாயின் சம்மதமின்றி மதம் மாற்றி, 11 மாதக் கைக்குழந்தையாயிருந்த கடைசி மகளை எடுத்துச் சென்றார். ஷரியா நியாயஸ்தலம் பிள்ளைகளைத் தந்தைக்கு ஒப்புவித்தது. 2010 இல் ஈப்போ உயர்நீதிமன்றம் தாய்க்கு ஒப்புவித்தது. ஜாதகக் கதையில் ஒரு கோடுதான் கிழிக்கப்பட்டது. இங்கே இரண்டு நியாயஸ்தலங்கள் இரண்டு கோடுகளைக் கிழித்தன. 2018 ஜனவரி 29 இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலாக, பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும், ஒருவர் மட்டும் செய்வித்த மதமாற்றம் செல்லாது என்று தீர்த்தனர். நாடெங்கும் அத்தீர்ப்பைப் போற்றினர். அதன் பின்னும் ஆண்டுகள் பல சென்றன. தாயின் கைக்கு மகள் வரவில்லை.

இவ்வழக்கு தாத்தா பாட்டி வழக்கன்று; ஆயினும் எல்லாப் பிள்ளை வழக்குக்கும் இது ஒரு கண்ணாடி. கதையில் தீர்ப்புச் சொன்ன கணத்திலேயே பிள்ளை தாயின் கையில் இருக்கிறது. வாழ்க்கையிலோ தீர்ப்புக்கும் பிள்ளைக்கும் நடுவே நீண்ட வழி கிடக்கிறது. அவ்வழியில் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைக்கு ஒரு வயது ஏறுகிறது. பதினோரு மாதத்திற் பிரிந்த குழந்தை தாயின் முகத்தை நினைவில் வைத்திருக்குமா? எந்த மேல்முறையீடு அந்த நினைவை மீட்டுத் தரும்? ஆதலின் பிள்ளை வழக்கில் காலதாமதமும் ஒரு தீர்ப்பே என்பதை நீதிபதிகளும் அதிகாரிகளும் உணர்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

நாம் வேண்டுவன சிலவே. சட்டம் எழுதுவோர் ‘விதிவிலக்கான சூழ்நிலை’ என்ற வாயிலைச் சற்று அகலத் திறக்க வேண்டும். பல்லாண்டு வளர்த்த உறவினர், பெற்றவரைப் பழி கூறாமலே, பிள்ளையின் நலன் ஒன்றையே காட்டி வழக்குரைக்க இடம் வேண்டும். பெற்றவரிடம் பிள்ளை திரும்புவதே நலமாயினும், வளர்த்தவரைப் பார்க்கும் உரிமையை நியாயஸ்தலம் தானே முன்வந்து எண்ணிப் பார்க்க வேண்டும். இறந்துபோன தாய் அல்லது தந்தையின் குடும்பத்தார்க்குப் பிள்ளையைக் காணும் உரிமை வழங்க 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89 ஆம் பிரிவு இப்போதே இடம் தருகிறது. அதைக் கேட்டுப் பெறுவோர் தோட்டத்தில் எத்தனை பேர்? நம் மூதாட்டிக்கு இது தெரிந்திருந்தால், அப்பேருந்து புறப்பட்டபோது அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லியேனும் கையசைத்திருப்பார்.

நம்மவர் செய்ய வேண்டியனவும் உண்டு. 1982 முதல் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயமாகியும், கோவிலில் தாலி கட்டினாற் போதும் என்று இருந்துவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளே பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாளக் கார்டுக்கும் அலைகின்றனர். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போகும் மகனும் மகளும், இன்னார் பொறுப்பில் விட்டுள்ளோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அஃது அவநம்பிக்கையன்று, பாட்டிக்குச் செய்யும் மரியாதை. பாட்டிமார் மருத்துவமனைக் கார்டு, பள்ளி அறிக்கை, பணம் கட்டிய ரசீது ஆகியவற்றை ஒரு பையிற் பத்திரப்படுத்த வேண்டும். அன்பைக் கண்ணால் காணாத நியாயஸ்தலம் இவற்றையேனும் காணும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையாயின் 1961 ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் முறைப்படி காப்பாளராகிவிடுதல் நலம். வருமானம் குறைந்தோர்க்கு உதவச் சர்க்காரின் சட்ட உதவி இலாகா இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லை என்று வாசலிலேயே திரும்புவது வேண்டா. நம் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குச் செலவிடும் பொழுதில் ஒரு நாளை ஒதுக்கி, தோட்டந்தோறும் இவற்றை எடுத்துச் சொல்லுமாயின், அது பெருந்தொண்டாகும்.

இறுதியாக மரியாதைராமனிடம் திரும்புவோம். அவரைத் தள்ளிவிடுமாறு நாம் சொல்லவில்லை. பிள்ளைக்காகக் கையை விடுபவரிடமே பிள்ளை சேர வேண்டும் என்ற அவரது நெஞ்சம் இன்றைக்கும் ஏற்றதே. ஆயின் அக்கதையை இனிச் சொல்லும் பாட்டிமார் ஒன்றைச் சேர்த்துச் சொல்வாராக. கதறியவளை அடையாளங் கண்டபின் மரியாதைராமன் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, அது எந்தப் பக்கம் தவழ்ந்து போகிறது என்று சற்று நேரம் பொறுத்திருந்து பார்த்தார் என்று சொல்வாராக. அப்படிக் கேட்டு வளரும் பிள்ளைகளுள் ஒருவர் நாளை வக்கீலாகலாம். ஒருவர் ஈப்போவில் நீதிபதியாகவும் அமரலாம்.